மரியநாதனுக்குக் கஷ்டம் போதவில்லை

தான் கஷ்டப்படாமல் வாழ்வது மகளின் எதிர்காலத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்ற செய்தி மரியநாதனுக்கு ஒரு சனிக்கிழமை காலை, ஸ்கூடாயில் ஒரு மண்டபத்தின் வாசலில் வைத்துச் சொல்லப்பட்டது. அப்போது அவர் கையில் பாதி தின்ற கரிபாப் பலகாரம் இருந்தது. அதையும் குறித்துக்கொண்டார்கள்.

மரியநாதன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் வேலை. அந்த வேலை அவருக்குப் பிடிக்கும். நடுவழியில் நின்றுபோன லிஃப்டை அவர் ஓடவைத்துக் கதவைத் திறக்கும்போது, உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டுவார்கள். சிலர் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். மேலாளருக்கு அந்த மரியாதை கிடையாது. மனைவி டொரத்தி ஒரு கிளினிக்கில் பதிவு முகப்பில் இருந்தாள். ஒரே மகள் ஷர்மைன், படிவம் ஐந்து, பள்ளியில் கடைசி ஆண்டு. வேலை முடிந்து வந்ததும் அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பள்ளியில் யார் யாரோடு சண்டை, லிஃப்டில் யார் யாரோடு மாட்டிக்கொண்டார்கள் என்று பேசிச் சிரிப்பார்கள். இவ்வளவுதான் அவர்கள் வீட்டு விஷயம்.

இந்த நிலையில்தான் டொரத்தி, ஜொகூர் பெற்றோர் தியாக உணர்வு மேம்பாட்டுக் கழகத்தில் மகளைச் சேர்த்தாள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால், "உங்க மக கழகத்துல பாஸாயிட்டாளா?" என்று கேட்காதவர்கள் இல்லை. கழகத்தின் சான்றிதழ் இருந்தால் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் விண்ணப்பிப்பது பற்றிக் கனவு காணலாம்.

கழகத்தின் கொள்கை எளிமையானது. பெற்றோர் படும் பாட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லி அழவைக்க வேண்டும். அழுத பிள்ளை படிக்கும், படித்த பிள்ளை டாக்டராகும். தலைவர் தியாகச் செம்மல் சதாசிவம், நில அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தலைமைப் பயிற்றுநர் கண்ணீர் வேந்தர் தேவானந்தன். இவர் மேடை ஏறிக் குரலைத் தாழ்த்தினால் மண்டபத்தின் குளிர்சாதனமே சொட்டும் என்று கழகத்தின் சுவரொட்டி கூறியது.

அந்தச் சனிக்கிழமை, பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டு, திரைச்சீலைகளை இழுத்து மூடி, விளக்கை அணைத்தார்கள். புல்லாங்குழல் ஒலித்தது.

"கண்ண மூடு," என்றார் தேவானந்தன் இருட்டிலிருந்து. "உன் அப்பா படுத்திருக்காரு. எங்க? பெட்டியில. உனக்காக உழைச்சு உழைச்சுத் தேஞ்சு போன அந்தக் கால், துணிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. அந்தக் கால ஒரு நாளாவது தொட்டிருக்கியா?"

மண்டபம் அலறியது. தொண்டர்கள் கைவிளக்கோடு வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு கன்னத்திலும் வெளிச்சம் அடித்து ஈரம் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு கன்னம் காய்ந்திருந்தது. ஷர்மைன்.

"ஏம்மா, நீ அழல?" என்றாள் கழகத்தின் உணர்ச்சிப் பிரிவு அதிகாரி செல்வராணி.

"எங்கப்பா சாகல ஆன்ட்டி. வெளிய கரிபாப் சாப்பிட்டுக்கிட்டு இருப்பாரு."

செல்வராணி வெளியே வந்து பார்த்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அப்படித்தான் மரியநாதனும் டொரத்தியும் தலைவரின் அறைக்கு அழைக்கப்பட்டார்கள். சதாசிவம் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"கஷ்டமா? ஒன்னும் இல்லீங்களே."

"பயப்படாம சொல்லுங்க. இங்க எல்லாரும் கஷ்டப்பட்டவங்கதான்."

மரியநாதன் உண்மையிலேயே யோசித்தார். "சாயங்காலம் ஸ்கூடாய் ரோட்டுல ஜாம்."

"அது பொதுக் கஷ்டம். தனிக் கஷ்டம் வேணும்."

"முட்டி வலி இருக்கு."

செல்வராணி ஆர்வத்தோடு பேனாவைத் திறந்தாள். "மகளுக்காக ஓடி ஓடி உழைச்சதாலயா?"

"பூப்பந்து விளையாடி."

பேனா மூடப்பட்டது.

"எங்கப்பா யோங் பெங் பக்கம் தோட்டத்துல ரொம்பக் கஷ்டப்பட்டாருங்க," என்றார் மரியநாதன், உதவியாக இருக்கட்டும் என்று. "நான் பொறந்தப்ப டவுனுக்கு வந்துட்டாரு."

சதாசிவம் தலையை ஆட்டினார். "அவர் கஷ்டத்த நீங்க காட்ட முடியாது. அது உங்களுக்குச் செலவாயிடுச்சு. உங்க மகளுக்கு நீங்கதான் புதுசாப் படணும். சரி, மக மேல என்ன எதிர்பார்ப்பு வச்சிருக்கீங்க?"

"நல்லா இருக்கணும்."

"அது எதிர்பார்ப்பு இல்ல மிஸ்டர் மரியநாதன். அது வாழ்த்து. கல்யாண வீட்டுல சொல்றது." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "என் மகன எடுத்துக்குங்க. அவன் பொறந்த அன்னிக்கே சொல்லிட்டேன், நீ இருதய டாக்டர்னு. அவன் முன்னால நான் சிரிச்சதே கிடையாது. அவன் சிரிச்சா நான் எழுந்து போயிடுவேன். இன்னிக்கு மெல்பர்ன்ல பெரிய இருதய டாக்டர்! எவ்வளவு உயரத்துல இருக்கான்னா, என்கூடப் பேசவே நேரமில்ல. ஃபோன் நம்பர மாத்திட்டான். எனக்குப் பேரனா பேத்தியான்னுகூடத் தெரியாது. அவ்வளவு முன்னேற்றம்!"

சொல்லிவிட்டு அவர் இருவரையும் பெருமையோடு பார்த்தார். டொரத்தி வியந்து போனாள். மரியநாதன் மரியாதைக்குத் தலையசைத்தார். நல்லது என்றார்.

அவருக்கு முதல் நிலைத் தியாகப் பற்றாக்குறை இருப்பதாக முடிவு செய்யப்பட்டது. கவனிக்காமல் விட்டால் பிள்ளை தானாகவே ஏதாவது ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும் அபாயம் உண்டு என்று செல்வராணி விளக்கினாள்.

அடுத்த வாரம் அவள் வீட்டைப் பார்வையிட வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் வாடிவிட்டது. வரவேற்பறையில் மீன் தொட்டி இருந்தது. அதற்குப் பக்கத்தில், உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் முதுகு பிடித்துவிடும் பெரிய நாற்காலி ஒன்று இருந்தது.

"இதுல யாரு உக்காருவா?"

"நான்தான்."

"மக பார்க்கவா?"

"அவதான் பொத்தான அழுத்துவா."

செல்வராணி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நாற்காலிமேல் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடச் சொன்னாள். மகள் படிக்கும்போது மரியநாதன் விளக்கில்லாமல் உட்கார வேண்டும். மகள் பார்க்க நெத்திலியும் சோறும் மட்டும்தான் சாப்பிட வேண்டும். கிழிந்த பனியன் அணிய வேண்டும். அவரிடம் கிழிந்த பனியன் இல்லை என்றதும், கழகத்தின் பண்டகசாலையிலிருந்து இரவலாக ஒன்று தரப்பட்டது. அதை ஏற்கெனவே அணிந்த மூன்று அப்பாக்களின் பிள்ளைகள் இப்போது மருத்துவக் கல்லூரியில் இருப்பதாகச் சொன்னாள்.

"நண்டு சாப்பிடலாங்களா?" என்று கேட்டார் மரியநாதன். நண்டு என்றால் அவருக்கு உயிர்.

"மகளுக்குத் தெரியாம சாப்பிடலாம். தியாகம்னா உண்மையிலயே கஷ்டப்படணும்னு கழகம் சொல்லல. தெரியணும், அவ்வளவுதான்."

எனவே டொரத்தி நண்டைத் தனியாகச் சமைத்துக் கிளினிக் பையில் மறைத்துவைத்தாள். மரியநாதன் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து தின்றார். தின்று முடித்து, கையைத் துடைத்து, கிழிந்த பனியனோடு வீட்டுக்குள் வந்து நெத்திலித் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "பசி இல்லம்மா, நீ சாப்பிடு" என்பார். வயிறு நிறைந்திருந்ததால் அதை மிக இயல்பாகச் சொல்ல முடிந்தது.

புதன்கிழமைகளில் இருமல் வகுப்பு. அப்பாக்கள் வரிசையாக நிற்க, தேவானந்தன் ஒவ்வொருவர் நெஞ்சருகிலும் காதை வைத்துக் கேட்டார்.

"இது சளி இருமல். மருந்துக் கடைக்குப் போகலாம். நமக்கு வேண்டியது கவலை இருமல். ரெண்டு தடவ மெதுவா, ஒரு தடவ ஆழமா. அப்புறம் அடக்கணும். அடக்குறதுதான் முக்கியம். பிள்ள திரும்பிப் பார்க்கும். 'ஒன்னும் இல்லம்மா, நீ படி'ன்னு சொல்லணும். எப்படிச் சொல்லணும்? என்னமோ இருக்கு, சொல்ல மாட்டேங்கிறாருன்னு பிள்ளைக்குத் தோணணும். எங்க, எல்லாரும்?"

"ஒன்னும் இல்லம்மா, நீ படி," என்றார்கள் அப்பாக்கள் ஒரே குரலில்.

மரியநாதன் எந்த வேலையை எடுத்தாலும் ஒழுங்காகச் செய்பவர். கம்பி தளர்ந்திருக்கிறதா, பற்சக்கரம் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் தன் இருமலையும் பிரித்துப் பிரித்துப் பழகினார். நாலாவது வாரம் அவர் இருமி முடித்தபோது தேவானந்தன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இப்படி ஒரு இருமல நான் கேட்டதே இல்ல. எங்கப்பாவே இப்படி இருமல. அவரு கூலாய்ல ஒரு முதியோர் இல்லத்துல இருக்காரு. போய்ப் பார்க்க நேரமில்ல. மாசத்துக்கு எட்டு மேடையில அவர நினைச்சு அழ வேண்டியிருக்கு, எப்ப போறது?"

எதிர்பார்ப்பு என்னும் பாடத்தில் மரியநாதனுக்கு 'டாக்டர்' கொடுக்கப்பட்டது. நாள்தோறும் மகள் காதில் விழும்படி மூன்று முறை சொல்ல வேண்டும். முதலில் அவர் அதைக் கதவுப் பூட்டின் ரகசிய எண்ணைச் சொல்வதுபோல் சொல்லிவைத்தார். சொல்லச் சொல்ல அது அவருடையதாகவே ஆகிவிட்டது. பேரங்காடி லிஃப்டில் வெள்ளை அங்கி போட்ட யாராவது ஏறினால், அது ஷர்மைன் என்று நினைத்துக்கொண்டார். ஒரு நாள் கணிதத்தில் அவளுக்கு மதிப்பெண் குறைந்தபோது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "இப்படி வாங்குனா எப்படிம்மா டாக்டராவ?" என்று கேட்டுவிட்டார்.

வீட்டில் பேச்சு குறைந்தது. யார் யாரோடு சண்டை என்று ஷர்மைன் சொல்வதில்லை. லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்றும் கேட்பதில்லை. வலைப்பந்து ஆட்டத்தை விட்டுவிட்டாள். கன்னம் ஒட்டிப் போனது. அவர் இருமினால் நிமிர்ந்து பார்ப்பாள். அவர், ஒன்னும் இல்லம்மா என்பார். அவள் மறுபடி குனிந்துகொள்வாள். ஒரு நாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "நான் டாக்டருக்கே படிக்கிறேன்பா," என்றாள்.

டொரத்தி முழந்தாளிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். கழகம் மரியநாதனுக்குப் பொன்னாடை போர்த்தியது. ஆனால் விதிப்படி ஷர்மைன் இன்னும் அழவில்லை. அழாமல் சான்றிதழ் தர முடியாது.

"கள அனுபவம் வேணும்," என்றார் சதாசிவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழாத பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் பேருந்தில் ஏற்றிப் பண்டார் தெங்காரா பக்கம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அப்பாக்கள் குலைகளைத் தூக்கிச் சுமக்க வேண்டும். பிள்ளைகள் நிழலில் நின்று பார்த்து மனம் கலங்க வேண்டும். வங்கி மேலாளர் ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், காப்புறுதி முகவர் இருவர், மரியநாதன். எல்லாருக்கும் தலையில் கட்டத் துண்டு கொடுக்கப்பட்டது. தோட்டத்தில் உண்மையிலேயே வேலை செய்யும் வங்காளதேசத்து ஆட்கள் டிராக்டர் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் இறங்கி வந்து மரியநாதனிடம் மலாயில், இது என்ன நாடகம், எந்தத் தொலைக்காட்சியில் வரும் என்று மரியாதையாக விசாரித்தான். வேண்டுமானால் தானும் நடிக்கத் தயார் என்றான்.

மரியநாதன் குலையைத் தூக்கினார். அது அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இரண்டடி பின்னால் வைத்தார். பின்னால் கால்வாய். குலை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். கணுக்காலில் 'டக்' என்ற ஒலி நிழலில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"கேமரா!" என்று கத்தினார் தேவானந்தன். "கேமராவ இந்தப் பக்கம் திருப்பு!"

செல்வராணி ஷர்மைனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இப்ப அழும்மா. இதவிட நல்ல நேரம் வராது. அழு, அழு!"

"ஆன்ட்டி, உங்க துப்பட்டாவக் குடுங்க," என்றாள் ஷர்மைன்.

கண்ணீர் துடைக்கத்தான் கேட்கிறாள் என்று செல்வராணி ஆசையோடு கொடுத்தாள். ஷர்மைன் கால்வாயில் இறங்கி, காய்ந்த மட்டை ஒன்றை அப்பாவின் காலோடு சேர்த்துத் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள். அவரைப் பேருந்தில் ஏற்றலாம் என்று அவள் சொன்னபோது, அடுத்து கண்ணீர் அங்கம் இருக்கிறது, அது முடியாமல் பேருந்து நகராது என்றார் சதாசிவம். நடிக்கத் தயாராக இருந்த அந்த ஆள் தோட்டத்துப் பிக்கப் வண்டியை எடுத்து வந்தான். அவனும் ஷர்மைனும் டொரத்தியுமாக மரியநாதனைத் தூக்கி ஏற்றினார்கள்.

"ஒரு சொட்டுகூட வரலியே," என்று பின்னால் தேவானந்தன் புலம்புவது கேட்டது. "கால் உடைஞ்சும் வரலியே!"

மருத்துவமனையில் ஓர் இளம் மலாய் மருத்துவர் காலைப் படம் எடுத்து, மாவுக்கட்டுப் போட்டார். முடிந்துவிட்டது என்று அவர் எழும்போது ஷர்மைன் வழியை மறித்தாள்.

"டாக்டர், நெஞ்சையும் படம் எடுங்க. ரெண்டு மாசமா இருமுறாரு. சரியாச் சாப்பிடறதில்ல. எங்ககிட்ட மறைக்கிறாரு." அவள் மலாயில் சொன்னாள். "ரத்தமும் எடுங்க."

"வேணாம்மா," என்றார் மரியநாதன்.

"நீங்க பேசாதீங்க."

நெஞ்சையும் ரத்தத்தையும் பார்த்தார்கள். மருத்துவர் சிரித்துக்கொண்டே வந்தார். நுரையீரல் இளைஞனுக்கு இருப்பதுபோல் இருக்கிறது. கொழுப்பு மட்டும்தான் மிகவும் அதிகம். நண்டு, இறால் எதுவும் நிறையச் சாப்பிடுகிறாரா?

"இல்ல டாக்டர். நெத்திலிதான் சாப்பிடுறாரு," என்றாள் ஷர்மைன்.

டொரத்தி ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள். மருத்துவர் போனார்.

"நண்டா?" என்றாள் ஷர்மைன்.

"கார்ல," என்றார் மரியநாதன்.

"அப்ப இருமல்?"

"அது பயிற்சிம்மா. புதன்கிழமை வகுப்பு." அவர் தொண்டையைச் செருமினார். அது இருமல்போல் ஆகிவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். "உன் நல்லதுக்குன்னு சொன்னாங்க."

ஷர்மைன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க செத்துப் போயிடுவீங்கன்னு நினைச்சேன்பா. ராத்திரி எழுந்து வந்து உங்க கதவுகிட்ட நின்னு மூச்சு வருதான்னு கேட்பேன். என்ன வியாதியா இருக்கும்னு ஃபோன்ல தேடித் தேடிப் படிச்சேன். அதுக்காகத்தான் டாக்டருக்குப் படிக்கிறேன்னு சொன்னேன். நான் படிச்சு முடிக்கிறவரைக்குமாவது இருப்பீங்களான்னு..."

அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. சிறியதாக ஒரு விக்கல், பிறகு இன்னொன்று. சத்தமே இல்லை. சின்ன வயதிலிருந்தே அவள் அழுதால் இப்படித்தான், விக்கல் மட்டும் வரும். மரியநாதன் கையை நீட்டினார். எட்டவில்லை. மாவுக்கட்டு அவரைக் கட்டிலோடு பிடித்துவைத்திருந்தது.

அழுகையைப் பதிவு செய்ய அங்கே கழகத்தார் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. தேவையான போது தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள். கிழிந்த பனியனைத் துவைத்து மடித்து, கழகத்துக்குத் திருப்பி அனுப்பும்படி அம்மாவிடம் கொடுத்தாள்.

ஆனால் கழகத்தின் ஆண்டு விழா நெருங்கிவிட்டது. அதில் எல்லாப் பிள்ளைகளும் பெற்றோரின் பாதங்களைக் கழுவி, அழுது, சான்றிதழ் பெறுவார்கள். உண்மையிலேயே கால் உடைந்த தந்தை ஒருவர் கழகத்துக்குக் கிடைத்தது இதுவே முதல் முறை. அவரை நடு மேடையில் உட்காரவைக்க முடிவானது. இதில் ஒரு சிக்கல் எழுந்தது. மாவுக்கட்டை நனைக்கக் கூடாது.

"விதியில 'பாதங்கள்'னு பன்மையில இருக்கு," என்றார் சதாசிவம், செயற்குழுக் கூட்டத்தில். "ஒரு பாதம் கழுவினா அரைச் சான்றிதழ்தான் தர முடியும்."

"தகப்பனோட ஒரு பாதம், தாயோட ஒரு பாதம். கூட்டினா ரெண்டு," என்றாள் செல்வராணி.

"அப்புறம் தாயோட மிச்சப் பாதம் கணக்குல வராம நிக்குமே," என்றார் சதாசிவம் கவலையோடு. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, இடது பாதத்தைத் தண்ணீராலும் வலது பாதத்தை மனத்தாலும் கழுவலாம் என்று தீர்மானம் நிறைவேறியது.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. ஷர்மைன் வருவாள் என்று மரியநாதன் நினைக்கவில்லை. வந்தாள். நீலச் சுடிதாரில், தலையை அழகாகப் பின்னிக்கொண்டு, குடமும் துண்டுமாக வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். தேவானந்தன் குரலைத் தாழ்த்தினார். "உனக்காகக் கால ஒடிச்சுக்கிட்ட தகப்பன் இதோ..."

"அப்பா!" என்று ஷர்மைன் கத்தினாள். "எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டுட்டீங்க! நான் பாவி! நான் பாவி!"

மண்டபம் சிலிர்த்தது. செல்வராணி விசும்பலோடு சான்றிதழை உறையிலிருந்து எடுத்தாள். ஷர்மைன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள், இரண்டு தடவை மெதுவாக, ஒரு தடவை ஆழமாகத் தேம்பினாள், பிறகு அடக்கினாள். எல்லாம் அளந்து வைத்ததுபோல் இருந்தது. கண்ணில் நீர் வழிந்தது. கைக்குட்டையில் தைலத்தின் வாசனை. விக்கல் இல்லை. அந்த ஈரக் கண்களால் அவள் அப்பாவை நேராகப் பார்த்தாள்.

அவருடைய இருமல் எங்கிருந்து வந்ததோ, அதே இடத்திலிருந்துதான் அந்த அழுகையும் வந்தது என்று மரியநாதனுக்குத் தெரிந்துவிட்டது.

"இப்ப தந்தை தன் எதிர்பார்ப்பச் சொல்லுவார்," என்று தேவானந்தன் ஒலிவாங்கியை அவர் வாயருகே வைத்தார். "சொல்லுங்க அண்ணே. டாக்டர்னு சொல்லுங்க."

மரியநாதன் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார்.

"அழாதம்மா," என்றார். "எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

முன்வரிசையில் கண்ணுக்குப் போன கைக்குட்டைகள் பாதியில் நின்றன.

"நான் நல்லா இருக்கேன். என் வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. உங்கம்மாகூட இருக்கப் பிடிச்சிருக்கு. உன்ன வளர்க்க நான் ஒன்னும் கஷ்டப்படல. நீ சின்ன வயசுல என் தோள்ல ஏறி லிஃப்ட் பொத்தான் எல்லாத்தையும் அழுத்துவ, எல்லா மாடியிலயும் நின்னு நின்னு போவோம், அதெல்லாம் எனக்கு ஜாலியாத்தான் இருந்துச்சு. இருமல் பொய். நெத்திலி பொய். கால் மட்டும் உண்மை, அதுவும் நான் பார்த்து நடந்திருந்தா ஒடிஞ்சிருக்காது. நீ எனக்கு ஒன்னும் திருப்பித் தர வேணாம். டாக்டராவும் ஆக வேணாம். ஆகணும்னா ஆகிக்க. அவ்வளவுதான்."

பின்வரிசையில் யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். பல் மருத்துவர், "எனக்கும் அப்படித்தான்," என்று சொல்ல எழுந்து, மனைவி இழுத்ததால் உட்கார்ந்தார். ஒலிவாங்கியை அணைக்கும்படி யாரோ சைகை செய்தார்கள்.

அப்போது சதாசிவம் மேடைக்கு ஓடி வந்தார். அவர் கன்னம் முழுக்க ஈரம்.

"கேட்டீங்களா!" என்றார். "கேட்டீங்களா இந்தத் தகப்பன! காலு ஒடிஞ்சு நிக்கிறாரு. நிக்க முடியல. ஆனா மக மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு, கஷ்டமே இல்லேன்னு சொல்றாரே! தன் தியாகத்தையே தியாகம் பண்ணிட்டாரே! இதுக்கு மேல ஒரு தியாகம் உண்டா?"

மண்டபம் வெடித்தது. அதுவரை அழாத தொண்டர்களும் அழுதார்கள். பல் மருத்துவரின் மனைவி மயங்கினாள். ஒலிபெருக்கிக்காரர் வயரில் தடுக்கி விழுந்து அப்படியே கிடந்து அழுதார். மரியநாதன், "இல்லீங்க, நெஜமாவே நல்லா இருக்கேன்," என்று சொல்லச் சொல்ல அழுகை கூடிக்கொண்டே போனது. கடைசியில், "நண்டுகூடச் சாப்பிட்டேன்!" என்று கத்தினார். "பாவம், பசியில பெனாத்துறாரு," என்று முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலடியில் ஷர்மைன் துண்டில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். செல்வராணி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். துண்டுக்கு உள்ளே என்ன சத்தம் என்று மரியநாதனுக்கு மட்டும் கேட்டது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது டொரத்தி காரை ஓட்டினாள். ஸ்கூடாய் ரோட்டில் ஜாம். பின்னிருக்கையில் சான்றிதழும், 'தியாகச் சிகரம்' என்று பொறித்த கேடயமும் ஷர்மைன் மடியில் இருந்தன.

"நெஜமா நல்லா இருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

"கட்டுக்குள்ள அரிக்குது. மத்தபடி நல்லா இருக்கேன்."

"இனிமே இருமக் கூடாது."

"உண்மையிலயே வந்தா?"

"வந்தா சொல்லணும். ஒன்னும் இல்லம்மான்னு சொல்லக் கூடாது."

"சரிம்மா." கொஞ்சம் பொறுத்து, முன்னால் பார்த்தபடியே கேட்டார்: "நீ என்னதான் படிக்கணும்? நான் கேட்டதே இல்ல."

"நீங்க முன்ன கேட்காம இருந்தீங்க, அதுவே நல்லாதான் இருந்துச்சு." அவள் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தாள். "ரோட்டோரம் முக்காலி வச்சு ஒரு கண்ண மூடிப் பார்த்துக்கிட்டு இருப்பாங்கல்ல, நிலம் அளக்குறவங்க? அது படிக்கலாம்னு இருக்கேன். முடிவு பண்ணல."

"வெயில்ல நிக்கணுமேடி," என்றாள் டொரத்தி.

"தொப்பி போட்டுக்குவேன்மா."

முன்னால் இருந்த கார் நகர்ந்தது. டொரத்தி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

ஷர்மைன் நில அளவைப் படிப்புக்கு இடம் கிடைத்துக் காத்திருந்த நாட்களில் கழகத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. 'மரியநாதன் நினைவுச் சுழற்கிண்ணம்' என்று ஒன்றை நிறுவியிருந்தார்கள். ஆண்டுதோறும் அதிகம் அழும் பிள்ளைக்கு அது வழங்கப்படும்.

"நான் உயிரோடதானுங்க இருக்கேன்," என்றார் மரியநாதன் தொலைபேசியில்.

"தெரியும்," என்றார் சதாசிவம். "ஆனா உயிரோட இருக்கறவங்க பேர்ல வச்சா மத்த அப்பாங்க பொறாமைப்படுறாங்க. ஒத்துழைப்புக் குடுங்க."

அறிவிப்பு, மரியநாதனின் படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டமிட்டு, பெற்றோரின் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் வலம் வந்தது. அன்று காலையே வீட்டுத் தொலைபேசி விடாமல் ஒலித்தது. டொரத்தி பூசைக்குப் போயிருந்தாள். ஷர்மைன் எடுத்தாள். செல்வராணி. வெளியூரில் இருந்தவளுக்கு விவரம் தெரியவில்லை போலும், எடுத்ததுமே விம்மினாள்.

"அம்மா ஷர்மைன், எப்படிம்மா ஆச்சு? தைரியமா இரும்மா. அப்பா மேல இருந்து பார்த்துக்கிட்டுதான் இருப்பாரு."

"அப்பா குளிக்கிறாரு ஆன்ட்டி."

"ஐயோ, மனசு ஒத்துக்க மாட்டேங்குதும்மா உனக்கு..."

"பாடிக்கிட்டே குளிக்கிறாரு. கேளுங்க," என்று ஷர்மைன் தொலைபேசியைக் குளியலறைக் கதவுப் பக்கம் நீட்டினாள். உள்ளே மரியநாதன், சுருதி எங்கோ, தாளம் எங்கோ, குரலை உயர்த்தி ஒரு பாட்டின் இரண்டாவது அடியைத் தேடிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் அழுகை இன்னும் பலமானது. ஷர்மைன் அதைக் கதவுக்குக் கீழே தரையில் வைத்துவிட்டு, அடுப்பில் போட்ட முட்டை கருகுகிறதே என்று ஓடினாள்.